ஆங்கிலத்தில் ஓடுவது தமிழில் நடக்கும்

வாசகர் கேள்வி – பதில்

ஆங்கில அகராதியில் மிக நீளமான பதிவு 'ரன்' என்ற மூன்றெழுத்துச் சொல்லுக்கு உரியது என்று சென்ற இதழில் போகிறபோக்கில் எழுதியிருந்தோம். அதற்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்தச் சொல்லைப் பற்றியே மேலும் கேட்டிருப்பதால், இம்முறை இந்தப் பகுதி முழுவதும் அதற்கே ஒதுக்கப்படுகிறது.

கேள்வி: ஒரே சொல்லுக்கு அறுநூறுக்கும் மேற்பட்ட பொருள்கள் இருக்க முடியுமா? அகராதிக்காரர்கள் ஒரே பொருளைத் துண்டு துண்டாக வெட்டி எண்ணிக்கையைப் பெருக்கிக் காட்டுகிறார்களோ என்று ஐயமாக இருக்கிறது.

பதில்: உங்கள் ஐயத்தில் பாதி நியாயம் உண்டு. முதலில் எண்ணிக்கையின் வரலாற்றைப் பார்த்துவிடுவோம். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் முதற்பதிப்பு 1884 முதல் 1928 வரை பகுதி பகுதியாக வெளிவந்தது. அதிலும், 1989இல் 20 தொகுதிகளாக வந்த இரண்டாம் பதிப்பிலும், மிக நீளமான பதிவு என்ற இடம் 'செட்' என்ற வினைச்சொல்லுக்கே இருந்தது. இரண்டாம் பதிப்பில் அதற்கு 430 பொருள்கள் பிரித்துக் காட்டப்பட்டன. மூன்றாம் பதிப்புக்கான திருத்தங்கள் 2000ஆம் ஆண்டிலிருந்து இணையத்தில் வெளிவரத் தொடங்கியபோது, பணி 'எம்' என்ற எழுத்திலிருந்து ஆரம்பித்ததால், அந்த முதலிடம் முதலில் 'மேக்' என்ற சொல்லுக்கும், பிறகு 'புட்' என்ற சொல்லுக்கும், 2011இல் 'ரன்' என்ற சொல்லுக்கும் கைமாறியது. வினைச்சொல்லாக மட்டும் 'ரன்' 645 பொருள்களைப் பெற்றது. அந்தப் பதிவைத் தொகுத்த பீட்டர் கில்லிவர் என்ற அகராதியியலாளர் அந்த ஒரு சொல்லோடு மட்டும் ஒன்பது மாதங்கள் மல்லுக்கட்டியிருக்கிறார்.

இந்த 645இல் வழக்கொழிந்தவை உண்டு. ஒரு தொழிலுக்குள் மட்டும் புழங்குபவை உண்டு. குதிரை ஓடுவதையும் கப்பல் ஓடுவதையும் தனித்தனியே எண்ணும் நுணுக்கமும் உண்டு. வரலாற்று அகராதி ஒன்றின் கடமை, ஒரு சொல் எந்தக் காலத்தில் எந்தப் பொருளுக்கு முதன்முதலாக வந்தது என்று சான்றோடு காட்டுவது. ஆகவே அது வெட்டித்தான் ஆக வேண்டும். கற்பவருக்கான கையடக்க அகராதி இதே சொல்லைச் சில பத்துப் பொருள்களுக்குள் அடக்கிவிடும். அன்றாட வாசிப்புக்கு அது தாராளமாகப் போதும்.

எண்ணிக்கை பெருகியதற்கு இன்னொரு காரணம் இயந்திரங்கள். ஆறும் குதிரையும் கப்பலும் ஓடிக்கொண்டிருந்த மொழியில், பதினெட்டாம் நூற்றாண்டுக்குப் பிறகு நீராவி இயந்திரமும், அதன்பின் ரயிலும், ஆலையும், மின்விசிறியும், கணினி நிரலும் ஓடத் தொடங்கின. புதிதாக ஒரு பொறி வந்தால் அது வேலை செய்வதைச் சொல்ல ஆங்கிலத்துக்குக் கையருகே இருந்த சொல் இதுவே.

கேள்வி: நம் இலக்கணத்தில் பல பொருள் ஒரு சொல் என்று படித்திருக்கிறோம். 'ரன்' அந்த வகையில் சேருமா?

பதில்: சேரும், ஒரு வேறுபாட்டுடன். தொல்காப்பியம் கிளவியாக்கத்தில் பலபொருள் ஒருசொல்லை இரண்டாகப் பிரிக்கிறது: அடுத்து வரும் வினையால் பொருள் விளங்குவது ஒன்று, அவ்வாறு விளங்காதது மற்றொன்று. 'மா' என்ற சொல்லை எடுத்துக்கொண்டால், மா பூத்தது என்றவுடன் மரம் என்று தெரிந்துவிடுகிறது. மா வீழ்ந்தது என்றால் மரமா விலங்கா என்று தெரிவதில்லை, வேறு அடைமொழி வேண்டியிருக்கிறது. 'ரன்' இதைத் தலைகீழாகச் செய்கிறது. அங்கே பெயர் மயங்க வினை தெளிவிக்கிறது. இங்கே வினை மயங்குகிறது, அதனுடன் வரும் பெயர் தெளிவிக்கிறது. 'ரன்' என்பதற்கு முன்னால் ஆறு வந்தால் பாய்கிறது, மூக்கு வந்தால் ஒழுகுகிறது, சாயம் வந்தால் ஊறிப் பரவுகிறது, குத்தகை வந்தால் நடப்பில் இருக்கிறது. எனவே இந்தச் சொல்லின் பொருளைத் தேடும்போது முதலில் எழுவாயைப் பார்க்க வேண்டும். அடுத்ததாக, செயப்படுபொருள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

ஒலியால் ஒத்து, பிறப்பால் வேறான சொற்களை இதனோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. ஆங்கிலத்தில் வௌவாலையும் ஆட்டத்து மட்டையையும் 'பேட்' என்றே சொல்கிறார்கள். அவை இரண்டும் வெவ்வேறு மூலத்திலிருந்து வந்து தற்செயலாக ஒன்றுபோல் ஒலிப்பவை. தமிழில் கூரை ஓடும் ஓடு என்ற வினையும் அப்படித்தான். 'ரன்' அவ்வாறு அல்ல. கிளைகள் எத்தனை இருந்தாலும் அது ஒரே சொல்.

கேள்வி: இத்தனை பொருள்களுக்கும் அடியில் ஏதேனும் ஒழுங்கு இருக்கிறதா, அல்லது ஒவ்வொன்றாக மனப்பாடம் செய்யத்தான் வேண்டுமா?

பதில்: ஒழுங்கு இருக்கிறது, அதிலும் தமிழர்களுக்கு மிகவும் பழக்கமான ஒழுங்கு. பழைய ஆங்கிலத்தில் இந்த இடத்தில் இரண்டு வினைச்சொற்கள் இருந்தன. ஒன்று 'ரின்னன்', தானே ஓடுவதையும், நீர் ஓடுவதையும் குறித்தது. மற்றொன்று 'ஏர்னன்', குதிரையில் ஏறி விரைவதையும், ஒன்றை ஓடச் செய்வதையும் குறித்தது. ஒன்று தன்வினை, மற்றொன்று பிறவினை. நம்மிடம் ஓடு என்றும் ஓட்டு என்றும் இருக்கின்றனவே, கிட்டத்தட்ட அதே இணை. காலப்போக்கில் ஆங்கிலத்தில் இந்த இரண்டும் ஒன்றோடொன்று கலந்து ஒரே சொல்லாகிவிட்டன. நாம் ஓடு, ஓட்டு என்று இரண்டு பெட்டிகளில் வைத்திருப்பதை ஆங்கிலம் ஒரே பெட்டியில் கொட்டிவிட்டது. பெட்டி பிதுங்குவதற்கு அதுவே பெரிய காரணம். ஜெர்மன் மொழியில் இன்றும் கால்களால் ஓடுவதற்கு 'ரென்னன்' என்றும், நீர் கசிந்து ஓடுவதற்கு 'ரின்னன்' என்றும் தனித்தனிச் சொற்கள் இருப்பதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

இதிலிருந்து இரண்டு செய்திகள் கிடைக்கின்றன. முதலாவது, நீர் ஓடுவது என்பது கால்களால் ஓடுவதிலிருந்து உருவகமாகப் பின்னாளில் வந்த பொருள் அல்ல. தொடக்கத்திலிருந்தே சொல்லுக்குள் இருந்த பொருள். குழாயில் நீர் ஓடுவதும், மூக்கு ஒழுகுவதும், துணியின் சாயம் பரவுவதும், கண்ணீர் வழிவதும் இந்தக் கிளையைச் சேர்ந்தவை. பேச்சுவழக்கில் 'தி ரன்ஸ்' என்றால் வயிற்றோட்டம். அங்கும் தமிழும் ஆங்கிலமும் ஒரே இடத்தில் கைகோத்துக்கொள்வதைக் காணலாம். இரண்டாவது, செயப்படுபொருள் வந்தவுடன் சொல் பிறவினையாகிவிடுகிறது. 'தி மெஷின் ரன்ஸ்' என்றால் இயந்திரம் ஓடுகிறது. 'ஷி ரன்ஸ் தி மெஷின்' என்றால் அவர் இயந்திரத்தை ஓட்டுகிறார். ஆங்கிலச் சொல்லில் ஓர் எழுத்துக்கூட மாறவில்லை. தமிழில் வினையே மாறுகிறது. மொழிபெயர்க்கும்போது ஓடு, ஓட்டு, நட, நடத்து, இயங்கு, இயக்கு என்ற மூன்று இணைகளை மனத்தில் வைத்துக்கொண்டால், 'ரன்' வரும் வாக்கியங்களில் பெரும்பகுதி தானாகவே கைக்குள் வந்துவிடும்.

எதுவும் அசையாத இடத்திலும் இந்தச் சொல் வரும். 'தி ரோட் ரன்ஸ் அலாங் தி ரிவர்' என்ற வாக்கியத்தில் சாலை அங்கேயேதான் கிடக்கிறது. ஓடுவது அதைத் தொடர்ந்து செல்லும் நம் பார்வை. தமிழிலும் சாலை ஆற்றை ஒட்டிச் செல்கிறது என்றும், சுவரில் விரிசல் ஓடியிருக்கிறது என்றும் சொல்கிறோம். காலத்தின் நீளத்துக்கும் இதே கதைதான்: நாடகம் ஆறு மாதம் ஓடியது, ஒப்பந்தம் மூன்று ஆண்டு ஓடும் என்று இரு மொழிகளிலும் தயங்காமல் சொல்லலாம். ஒரு சொல்லின் பழைய அசைவு, இடத்துக்கும் பிறகு காலத்துக்கும் இப்படி நீள்வது பல மொழிகளில் காணப்படும் வழக்கம்.

கேள்வி: 'ஷி ரன்ஸ் எ ஷாப்' என்பதை என் மாணவி 'அவர் கடையை ஓட்டுகிறார்' என்று மொழிபெயர்த்தாள். திருத்த வேண்டுமா?

பதில்: திருத்துவதைவிட, வேறுபாட்டை விளக்குவது பயனுள்ளது. கடையை ஓட்டுகிறார் என்பது இலக்கணப் பிழை அல்ல. ஆனால் அதில் ஒரு பெருமூச்சு கலந்திருக்கிறது. கடையை நடத்துகிறார் என்றால் நிர்வகிக்கிறார். கடையை ஓட்டுகிறார் என்றால் வருவது போவதைச் சரிக்கட்டி எப்படியோ சமாளிக்கிறார். குடும்பத்தை நடத்துவதும் குடும்பத்தை ஓட்டுவதும் ஒன்றல்ல என்பது தமிழ் பேசும் எவருக்கும் சொல்லாமலே தெரியும். ஆங்கில 'ரன்' என்ற சொல்லில் இந்தத் தள்ளாட்டம் கிடையாது. பெரிய நிறுவனத்தை ஆளுமையோடு நடத்துபவருக்கும் அதே சொல்தான். ஆகவே மாணவியின் வாக்கியத்துக்கு நடத்துகிறார் என்பதே பொருத்தம்.

இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. ஆங்கிலத்தில் பள்ளியும் கடையும் நிறுவனமும் ஓட்டப்படுகின்றன. தமிழில் அவை நடத்தப்படுகின்றன. ஆங்கிலம் ஓடும் இடத்தில் தமிழ் நடக்கிறது. இன்னும் சில இடங்களில் தமிழ் நின்றேவிடுகிறது. தேர்தலில் போட்டியிடுவதை அமெரிக்கர்கள் 'ரன்' என்கிறார்கள்; பிரித்தானியர்கள் 'ஸ்டாண்ட்' என்கிறார்கள்; நாமும் தேர்தலில் நிற்கிறார் என்றுதான் சொல்கிறோம். அமெரிக்கச் செய்தியை மொழிபெயர்ப்பவர்கள் 'அதிபர் பதவிக்கு ஓடுகிறார்' என்று எழுதிவிடுவதை அவ்வப்போது பார்க்க நேர்கிறது. பதவியைத் துரத்திக்கொண்டு ஓடுகிறார் என்ற கிண்டல் அதில் தெரியாமல் வந்து சேர்ந்துவிடுகிறது.

காய்ச்சலும் இப்படியே. 'ரன்னிங் எ டெம்பரேச்சர்' என்றால் காய்ச்சல் அடிக்கிறது, அல்லது உடல் சுடுகிறது. அங்கே ஓட்டம் எதையும் தேட வேண்டியதில்லை. ஒரு நோயோ குணமோ 'ரன்ஸ் இன் தி ஃபேமிலி' என்றால் அது பரம்பரையாக வருகிறது. 'ரன் எ ரிஸ்க்' என்றால் ஆபத்துக்கு இடம் கொடுப்பது. 'ரன் எ ஸ்டோரி' என்று பத்திரிகையாளர் சொன்னால் செய்தியை வெளியிடுவது. இவற்றில் சொல்லுக்குச் சொல் பெயர்க்க முயல்வது வீண் உழைப்பு.

கேள்வி: 'ரன் அவுட்' என்றால் கிரிக்கெட்டில் ஆட்டமிழப்பது, மற்ற இடத்தில் தீர்ந்துபோவது. இரண்டுக்கும் தொடர்பு உண்டா? 'ரன் அவுட் ஆஃப்' எப்போது வரும்?

பதில்: உருவத்தில் ஒன்று, அமைப்பில் வேறு. கிரிக்கெட்டில் மட்டையாளர் கோட்டை எட்டுவதற்குள் எதிரணியினர் விக்கெட்டைத் தகர்த்துவிட்டால் அவர் 'ரன் அவுட்'. அங்கே 'அவுட்' என்பது ஆட்டமிழந்த நிலையைக் குறிக்கும் சொல். கவனித்தால், ஆங்கில வருணனையாளர்கள் அதைச் செயப்பாட்டு வினையாகவே சொல்வார்கள்: மட்டையாளர் 'வாஸ் ரன் அவுட்', பந்தைத் தடுத்தவர் அவரை 'ரேன் ஹிம் அவுட்'. மாறாக 'ஹி ரேன் அவுட்' என்று செய்வினையில் சொல்லி நிறுத்திவிட்டால், அவர் வெளியே ஓடிவிட்டார் என்று பொருள்பட்டுவிடும். கிரிக்கெட்டைப் பற்றிய பேச்சு வந்ததால் ஒன்று: பந்து எல்லைக்கோட்டைத் தொட்டுவிட்டால் மட்டையாளர் ஓடாமலேயே நான்கு ஓட்டங்கள் கணக்கில் ஏறுகின்றன. சொல் அதன் பிறவிப் பொருளை உதறிவிட்டு வெறும் எண்ணிக்கை அலகாக மாறியதற்கு இதைவிட நல்ல சான்று தேட வேண்டியதில்லை.

தீர்ந்துபோவது என்ற பொருளில் வரும் 'ரன் அவுட்' நீர் ஓடும் கிளையைச் சேர்ந்தது. கலத்திலிருந்து நீர் ஓடி வெளியேறிவிட்டால் மிஞ்சுவது ஒன்றுமில்லை. இங்கே விதி எளிது. தீர்ந்துபோகும் பொருள் எழுவாயாக இருந்தால் 'ஆஃப்' வராது. அந்தப் பொருளை வைத்திருந்தவர் எழுவாயாக இருந்தால் 'ஆஃப்' வரும். 'டைம் ஹேஸ் ரன் அவுட்' என்றால் நேரம் முடிந்துவிட்டது. 'வி ஹேவ் ரன் அவுட் ஆஃப் டைம்' என்றால் நமக்கு நேரமில்லாமல் போய்விட்டது. தமிழில் இரண்டாவது அமைப்பு இயல்பானது அல்ல; தாள் தீர்ந்துவிட்டது, பொறுமை போய்விட்டது என்று பொருளைத்தான் எழுவாயாக்குகிறோம். நம் மாணவர்கள் 'வி ஹேவ் ரன் அவுட் பேப்பர்' என்று எழுதிவிடுவதற்கு இந்த வேறுபாடே காரணம்.

கேள்வி: 'ஐ ஹேவ் ரேன்' சரியா, 'ஐ ஹேவ் ரன்' சரியா?

பதில்: 'ஹேவ் ரன்' என்பதே சரி. நிகழ்காலம் 'ரன்', இறந்தகாலம் 'ரேன்', எச்ச வடிவம் மீண்டும் 'ரன்'. முதலும் மூன்றாவதும் ஒன்றாக இருந்து நடுவில் மட்டும் உயிரொலி மாறும் இந்த அமைப்பு ஆங்கிலத்தில் மிக அரிது. 'கம்' என்ற சொல்லும், அதிலிருந்து பிறந்த 'பிகம்', 'ஓவர்கம்' ஆகியவையும் இதற்குத் துணை. நிகழ்கால வடிவத்தில் இன்றுள்ள உயிரொலி பழைய ஆங்கிலத்தில் இருந்ததல்ல. பிற வடிவங்களிலிருந்து பின்னாளில் பரவியது.

இதைவிடக் கவனிக்க வேண்டியது சாதாரண நிகழ்காலத்துக்கும் தொடர் நிகழ்காலத்துக்கும் உள்ள வேறுபாடு. 'தி பஸ் ரன்ஸ் எவ்ரி ஹவர்' என்றால் மணிக்கு ஒரு பேருந்து உண்டு என்ற நிலையான ஏற்பாடு. 'தி பஸ் இஸ் ரன்னிங் லேட்' என்றால் இன்றைக்கு, இப்போது தாமதம். சாலையும் எல்லைக்கோடும் எப்போதும் அங்கேயே இருப்பதால் அவற்றுக்கு 'ரன்ஸ்' என்பதே பொருந்தும். 'தி ரோட் இஸ் ரன்னிங்' என்று எழுதினால் சாலை எழுந்து ஓடுவதுபோல் ஆகிவிடும். தமிழில் ஓடுகிறது என்ற ஒரே வடிவம் இரண்டு வேலையையும் பார்ப்பதால் இந்தப் பிழை நமக்கு எளிதில் நேர்கிறது.

கேள்வி: 'ரன் இன்டு', 'ரன் ஓவர்', 'ரன் டவுன்' போன்றவற்றை மெய்ப்பு பார்க்கும்போது எப்படிச் சரிபார்ப்பது?

பதில்: இவற்றில் ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று பொருள்கள் இருப்பதால், சூழலைப் பார்க்காமல் எந்த முடிவுக்கும் வரக் கூடாது. 'ரன் இன்டு' என்பது பழைய நண்பரைத் தற்செயலாகச் சந்திப்பதாக இருக்கலாம். வாகனம் சுவரில் மோதுவதாக இருக்கலாம். செலவு கோடிக்கணக்கில் எட்டுவதாகவும் இருக்கலாம். நண்பர் மீது மோதினார் என்று கதைகளில் அச்சேறிவிடுவது முதல் இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான். 'ரன் ஓவர்' என்பது வாகனம் ஒருவர் மீது ஏறிவிடுவது, கூட்டம் குறித்த நேரத்தைத் தாண்டிப் போவது, பாத்திரம் வழிவது, பேச வேண்டியதை ஒருமுறை விரைவாகப் பார்த்துக்கொள்வது ஆகிய எதுவாகவும் இருக்கும்.

'ரன் டவுன்' இவற்றில் மிகவும் வழுக்கலானது. பேட்டரி தீர்ந்துபோவது, வாகனம் ஒருவரை இடித்துத் தள்ளுவது, ஒருவரை மட்டம் தட்டிப் பேசுவது, தேடித் துருவிக் கண்டுபிடிப்பது ஆகியவை வினையாக வரும் பொருள்கள். பெயரடையாக வந்தால் கட்டடம் பாழடைந்து கிடக்கிறது என்றோ, ஆள் ஓய்ந்துபோயிருக்கிறார் என்றோ கொள்ள வேண்டும். ஒருவரை 'ரன் டவுன்' செய்தார் என்று ஒரு வரி வந்தால், அதற்கு முன்னால் ஒரு வாகனம் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். இல்லையென்றால் அது வாய்ச்சொல்லால் செய்த காரியம்.

கேள்வி: 'த்ரீ டேஸ் ரன்னிங்' என்ற தொடரில் யார் ஓடுகிறார்கள்?

பதில்: யாரும் ஓடவில்லை. தொடர்ந்து மூன்று நாள் என்பதே பொருள். எண்ணும் கால அளவும் முன்னால் வந்து 'ரன்னிங்' பின்னால் வந்தால் இடைவிடாத தொடர்ச்சி.

கேள்வி: பொருளாதாரச் செய்திகளில் வரும் 'பேங்க் ரன்', 'லாங் ரன்' ஆகியவற்றைத் தமிழில் எப்படிச் சொல்வது?

பதில்: 'பேங்க் ரன்' என்பது ஒரு வங்கி நொடித்துவிடும் என்ற அச்சத்தில் வைப்பாளர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் பணத்தைத் திரும்பக் கேட்பது. எந்த வங்கியும் பெற்ற வைப்பு முழுவதையும் ரொக்கமாகப் பூட்டி வைத்திருப்பதில்லை. பெரும்பகுதியைக் கடனாகக் கொடுத்திருக்கும். ஆகவே அச்சம் பொய்யாக இருந்தாலும், எல்லாரும் ஒன்றாகக் கேட்டால் அது மெய்யாகிவிடும். 2007 செப்டம்பரில் பிரிட்டனில் நார்தர்ன் ராக் வங்கியின் கிளைகளுக்கு முன்னால் மக்கள் வரிசையில் நின்றார்கள். 2023 மார்ச் 9 அன்று அமெரிக்காவின் சிலிக்கான் வேலி வங்கியிலிருந்து ஒரே நாளில் சுமார் 4,200 கோடி டாலரை எடுக்க வைப்பாளர்கள் முயன்றார்கள். இரண்டாவது நிகழ்வில் பெரும்பாலும் யாரும் நாற்காலியை விட்டு எழவே தேவைப்படவில்லை என்றாலும் சொல் அதேதான். 'வங்கி ஓட்டம்' என்று எழுதினால் வங்கிக்காரர்கள் நடத்திய ஓட்டப்பந்தயம் போலத் தோன்றும். வைப்பாளர்கள் பணத்தை எடுக்க முண்டியடித்தனர் என்று விரித்து எழுதுவதே மேல். தலைப்பில் இடமில்லையென்றால் வைப்புப் பணத்துக்கு முண்டியடிப்பு எனலாம்.

'லாங் ரன்' என்பதை நீண்ட காலம் என்று சொல்லிவிடலாம். ஆனால் பொருளாதார நூலில் அது வெறும் ஆண்டுக் கணக்கு அல்ல. உற்பத்திக்கு வேண்டிய எல்லாவற்றையும், ஆலையின் அளவு உட்பட, மாற்றிக்கொள்ளப் போதுமான காலம் 'லாங் ரன்'. ஏதேனும் ஒன்றாவது மாற்ற முடியாதபடி இருக்கும் காலம் 'ஷார்ட் ரன்'. தொழிலைப் பொறுத்து இந்த அளவு மாறும். அச்சகத்தில் 'பிரிண்ட் ரன்' என்றால் ஒரு முறையில் அச்சிடும் படிகளின் எண்ணிக்கை. 'ரன்-ஆஃப்-தி-மில்' என்பது ஆலையிலிருந்து தரம் பிரிக்காமல் வந்தபடியே இருக்கும் சரக்கு. அதிலிருந்து, சிறப்பு எதுவுமற்ற சராசரி என்ற பொருள் வந்தது. 'ட்ரயல் ரன்' என்பதற்கு மட்டும் புதிதாக எதையும் உருவாக்க வேண்டாம். வெள்ளோட்டம் என்ற அருமையான சொல் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது.

கேள்வி: 'ரன்னர்-அப்', 'ஆல்ஸோ-ரேன்', 'ரன்னிங் மேட்' ஆகிய மூன்றும் பந்தயத்திலிருந்து வந்தவையா?

பதில்: ஆம். இரண்டாம் இடம் பெற்றவர் 'ரன்னர்-அப்'. குதிரைப் பந்தய முடிவுகளில் முதல் சில இடங்களுக்குள் வராத குதிரைகளை 'இவையும் ஓடின' என்ற தலைப்பில் பட்டியலிடுவார்கள். அந்தத் தலைப்பே 'ஆல்ஸோ-ரேன்' என்று தோற்றுப்போன மனிதருக்கும் பெயராகிவிட்டது, சற்றுக் கொடுமையாகவே. 'ரன்னிங் மேட்' முதலில் மற்றொரு குதிரைக்கு வேகம் பிடித்துக் கொடுக்கும் துணைக் குதிரை. இன்று அமெரிக்காவில் அதிபர் வேட்பாளரோடு துணை அதிபர் பதவிக்கு நிற்பவர்.

கேள்வி: கணினியில் 'ரன்' என்ற பொத்தானுக்கு ஓட்டு, இயக்கு, செயல்படுத்து என்று ஆளுக்கொரு சொல் போடுகிறார்கள். எது சிறந்தது?

பதில்: என் தேர்வு இயக்கு. நிரல் இயங்குகிறது, நிரலை இயக்கு என்று தன்வினைக்கும் பிறவினைக்கும் ஒரே வேர் உதவுகிறது. பொத்தானிலும் அடக்கமாக நிற்கிறது. செயல்படுத்து என்பது திட்டத்தையும் தீர்ப்பையும் நடைமுறைக்குக் கொண்டுவருவதற்கு ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருக்கும் சொல். தவிர, நிறுத்தி வைத்திருந்த வசதி ஒன்றை முடுக்கிவிடும் பொத்தானுக்கும் அதையே போட்டுவிடுகிறார்கள், குழப்பம் கூடுகிறது. ஓட்டு பொருளளவில் தவறில்லை, நிரலாளர்கள் பேச்சில் நிரலை ஓட்டிப் பார்த்தேன் என்று இயல்பாகவே சொல்கிறார்கள். ஆனால் தனியே ஒரு பொத்தானில் ஓட்டு என்று மட்டும் எழுதியிருந்தால் வாக்களிக்கச் சொல்கிறார்களா என்ற ஐயம் வரும். பேச்சில் ஓட்டட்டும், பொத்தானில் இயங்கட்டும்.

கேள்வி: 'கரண்ட்', 'கரன்சி' ஆகிய சொற்களுக்கும் ஓட்டத்தோடு தொடர்பு உண்டு என்று ஒருவர் சொன்னார். அது உண்மையா?

பதில்: உண்மை, ஆனால் 'ரன்' என்ற சொல்லின் வழியாக அல்ல. ஓடு என்று பொருள்படும் 'குரேரே' என்ற லத்தீன் வினை ஆங்கிலத்துக்குள் வேறொரு வாசல் வழியாக ஏராளமான சொற்களை அனுப்பியிருக்கிறது. ஓடிக்கொண்டிருப்பது 'கரண்ட்', கைமாறி ஓடுவது 'கரன்சி', ஓடிச் சென்று சேர்ப்பவர் 'கூரியர்', திரையில் ஓடித் திரிவது 'கர்சர்'. இத்தாலிய மொழி வழியாக வந்த 'காரிடார்' ஓடுவதற்கான இடம். 'கரிகுலம்' லத்தீனில் ஓட்டத்தையும் ஓட்டப் பாதையையும் குறித்த சொல். பாடத்திட்டம் என்ற பொருளை அது பின்னால் பெற்றது. இவற்றில் 'கரண்ட்' என்பதைத் தமிழாக்கியவர்கள் மின்னோட்டம் என்று ஓட்டத்தை விடாமல் பிடித்துக்கொண்டார்கள்.